பிரியாத தையல்

அத்தியாயம் 14

போன வெள்ளிக்கிழமை டெய்லரக்கா வீட்டிலிருக்கும் தன் தையல் மெஷின் டிராயரில், நூல் டப்பாவுக்கு அடியில் ஒரு படிவத்தை ஒளித்து வைத்தாள் அல்லவா? ஒரு வாரம் ஓடிவிட்டது. படிவம் அங்கேயேதான் கிடக்கிறது. 'பெற்றோர் கையெழுத்து' என்ற இடத்தில் இன்னும் ஒரு புள்ளிகூட விழவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நாளைக் காலை ஏழு மணிக்கு சாஃப்ட்பால் தேர்வு. தேறினால், மகளுக்கு விளையாட்டு விடுதிப் பள்ளியில் இடம். நான்கு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கலாம், ஆடலாம். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும் தூரம். தேர்வு நடப்பது அப்பாவுக்குத் தெரியும். அதன் பின்னால் விடுதி இருப்பது தெரியாது. ஏதோ பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பாகிட்ட சொன்னா விடவே மாட்டாரும்மா. நீயே கையெழுத்துப் போட்டுடு" என்றாள் மகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது" என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த வார்த்தைதான் டெய்லரக்காவின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. பதினாறு வருடமாக அவளுக்கும் அதே வீட்டில் அதே மூச்சுதான் முட்டுகிறது. மகள் இருக்கிறாளே என்று தாக்குப்பிடித்தாள். அவளும் போய்விட்டால் யாரிடம் பேசுவது? கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். அவளுக்கு ஒரு வாரம் போதவில்லை.

●

காலை ஆறு மணி.

"நூத்திப் பன்னெண்டு... முழங்கையை ஒட்டி வை... நூத்திப் பதிமூணு..."

சமையலறை வாசலில் காபித் தம்ளரோடு நின்றிருந்தாள் டெய்லரக்கா. அந்த வீட்டில் சமையலறையிலிருந்து முன்னறைக்குப் போக ஒரே ஒரு நடைவழி. அகலம் நாலரை அடி. அதிலும் ஓரடியை ஒரு செருப்பு அலமாரி தின்றுகொண்டிருந்தது. மீதி இடத்தில் மகள் சுவரைப் பார்த்து நின்று பேட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய இரும்புத் தட்டில் வாஷிங் மெஷின் குழாயை நட்டு, அதன் தலையில் காலுறைகளைச் சுருட்டிச் செய்த பந்தை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார் அப்பா. அடிபட்ட பந்து நடைவழிக் கோடியில் தொங்கிய போர்வையில் போய் விழும். பயிற்சி முடியும்வரை யாரும் குறுக்கே போக முடியாது. சமையலறையில் மாட்டியவர்கள் சமையலறையில்தான். ரயில்வே கேட்டிலாவது ரயில் போனதும் திறந்துவிடுவார்கள்.

"என்னங்க, நான் அந்தப் பக்கம் போகணும்."

"இரு இரு, நடுவுல வராத. இருநூறு முடியட்டும்."

"காபி ஆறுது."

"காபி ஆறினா சுட வெச்சுக்கலாம். ஸ்விங் ஆறிப்போச்சுன்னா சுட வெக்க முடியுமா?"

எதிராளி பதில் சொல்ல முடியாதபடி பேசுவதில் அவர் கெட்டிக்காரர். வேலை லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டியவர்களை வெளியே எடுத்துவிடுவார். அவர் வீட்டுக்கு மட்டும் அந்தச் சேவை கிடையாது.

மகளை அவர் 'பம்பரம்' என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளியில் பேட்டைக் கையில் கொடுத்தபோது, பம்பரம் வீடு பெருக்குவது போலக் கைகளை அகல விரித்து வீசினாள். பந்து ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம். அப்பா ஒரு வாரம் கைப்பேசி வீடியோக்களே கதியென்று கிடந்து ஒரு வழி கண்டுபிடித்தார். பேட்டின் ஒரு முனையை வயிற்றில் வைத்து, மறு முனை சுவரைத் தொடும்படி நிற்க வேண்டும். அங்கே நின்றபடி பேட் சுவரில் உரசாமல் வீச வேண்டும். கை உடம்பை விட்டு அகலாமல் பழகிவிடும். நிற்க வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். முதல் மாதம் சுவரில் காரை பெயர்ந்தது. மூன்றாவது மாதம் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளி டீமில் பம்பரத்துக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். அதை இல்லையென்று சொன்னால் பாவம்.

அன்றிலிருந்து தினம் இருநூறு. பள்ளி மைதானத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி. அங்கே இருக்கும் கூட்டத்தில் ஆளுக்கு இருபது பந்து வந்தால் அதிர்ஷ்டம். ஆக, அவள் பேட் பிடித்து வளர்ந்தது இந்த நடைவழியில்தான்.

"அப்பா, இன்னிக்கு நூத்தி ஐம்பதோட விட்டுடேன். நாளைக்கு செலக்‌ஷன், கை அசந்துடும்."

"நாளைக்கு செலக்‌ஷன், அதனாலதான் இருநூறு. ஒரு செட்டிங் சரியா உக்காந்துடுச்சுன்னா சீல் வெச்சுடணும் பம்பரம். அப்புறம் தொடவே கூடாது."

"மொட்டை மாடியிலயாவது அடிக்கிறேனே. சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"அங்க வேண்டாம்."

அத்தோடு பேச்சு முடிந்தது. மாடியில்தான் லிஃப்ட் மோட்டார் அறை. சாவி அவர் இடுப்பு வளையத்தில். போன வருடம் கூட வேலை செய்தவர் ஒருவர் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்ததிலிருந்து, உயரம் என்றாலே அவர் முகம் மாறிவிடும். பயம் வந்தால் அவர் பூட்டுவார். அவருக்குத் தெரிந்த பாசம் அது.

இருநூறும் முடிந்து கேட் திறந்தபோது காபி தண்ணீராகியிருந்தது. டெய்லரக்கா அதையே குடித்தாள்.

●

ஒரு கடைவளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவள் தையல் கடை. குனிந்து உள்ளே போனால், உட்கார்ந்துதான் நிமிர முடியும்.

இன்றைக்கு முதல் வேலை மகளின் பள்ளி டீம் ஜெர்ஸிகள். மொத்தம் பன்னிரண்டு. நேற்று மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "பிரிஞ்சதெல்லாம் தைச்சுக் கொடுங்கக்கா" என்று ஓடிவிட்டாள் கோச்.

முதல் ஜெர்ஸியை எடுத்தாள். இடது கை, பின்பக்கம், தோளோடு சேரும் தையல் பிரிந்திருந்தது. இரண்டாவது, அதே இடம். மூன்றாவது, அதே இடம். ஒன்றில் மட்டும் வலது பக்கம் பிரிந்திருந்தது. யாருடையது என்று நம்பரைப் பார்த்தாள். டீமின் ஒரே இடது கைக்காரி. சரிதான், பேட்டை எட்டி வீசுகிற வீச்சில் முன்னால் இருக்கும் கை இழுக்கிறது, தையல் விடுகிறது.

கடைசி ஜெர்ஸி ஏழாம் நம்பர். பம்பரத்துடையது. இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். ஒரு நூல்கூட அசையவில்லை.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நம் பிள்ளை துணியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள் என்று மடித்துக்கூட வைத்துவிட்டாள். மடித்ததை மறுபடி பிரித்தாள். இருபது வருடமாக ஊசி பிடித்த கை சும்மா இருக்குமா? ஒரே துணி, ஒரே தையல், ஒரே ஆட்டம். பதினோரு பேருக்குப் பிரிந்த இடம் ஒருத்திக்கு மட்டும் பிரியவில்லை என்றால், அவள் அந்தக் கையை மற்றவர்கள் மாதிரி நீட்டவே இல்லை.

மதியம் கோச் தலையைக் குனிந்து எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண், கழுத்தில் விசில்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு, சாயங்காலம் நானே கொண்டாந்து தர்றேன். எம்பொண்ணு எப்படி ஆடுறா? உள்ளதைச் சொல்லு."

கோச் கொஞ்சம் தயங்கினாள். "உடம்புக்குக் கிட்ட வர்ற பந்தைப் பிச்சு உதறிடுறாக்கா. தள்ளி வர்ற பந்துன்னா தொடவே மாட்டேங்குறா. நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கண்ணு டெஸ்ட்கூட பண்ணிட்டு வரச் சொன்னேன், கண்ணு நல்லாருக்கு. நாளைக்குப் பந்து போடப் போறவங்க சாதாரண ஆளுங்க இல்ல. ரெண்டு பந்துலயே கண்டுபிடிச்சு தள்ளித் தள்ளியே போடுவாங்க."

"அப்ப?"

"தேறுறது கஷ்டம்தான்க்கா."

டெய்லரக்காவின் மனதில் ஒரு மூலையில், சத்தமில்லாமல், ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அது வந்ததைப் பார்த்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

●

மாலை நாலு மணிக்கு ஜெர்ஸி மூட்டையை அவளே மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். இதுவரை அவள் மகளின் ஆட்டத்தை மைதானத்தில் பார்த்ததே இல்லை. சனிக்கிழமைகளில் கடைக்குத்தான் கூட்டம்.

முதலில் ஒரு நெட்டைப் பெண் அடித்தாள். பந்தில் பட்ட பிறகும் பேட் நிற்காமல் முன்னால் போக, இரண்டு கையும் அதன் பின்னாலேயே நீண்டன. அடுத்து பம்பரம்.

முதல் பந்து வயிற்றை ஒட்டி வந்தது. 'டக்'. பந்து வேலியில் போய் மோதியது. இரண்டாவது பந்து தள்ளி வந்தது. பம்பரம் வீசினாள். இரண்டு முழங்கையும் மடங்கியபடியே, பேட் ஓர் இடத்துக்கு மேல் போகாமல் திரும்பியது. பந்து நாலு விரல் தள்ளி, ஜாலியாகப் போய்விட்டது. மூன்றாவதும் அப்படியே. நாலாவதும்.

டெய்லரக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேட் திரும்பிய இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. வெறும் மண். ஆனால் அங்கே ஒரு சுவர் இருந்திருந்தால், பேட் ஒரு விரல் இடைவெளியில் உரசாமல் தப்பியிருக்கும். அந்தச் சுவரை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் காபித் தம்ளரோடு அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை வீட்டுச் சுவரை மைதானத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உங்களுக்கு ஏதாவது தோணுதாக்கா?" என்றாள் கோச்.

சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சரியாகும். சரியானால் தேறுவாள். தேறினால் போய்விடுவாள்.

"எனக்கென்ன தெரியும்? துணி தைக்கிறவ" என்றாள்.

சொன்ன வாயை அங்கேயே தைத்துக்கொண்டிருக்கலாம்.

பம்பரம் பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுடு."

"ஏன்?"

"எனக்கே தெரியுதும்மா. நான் தேற மாட்டேன். அவ்ளோதான் நான்."

குரல் உடையவில்லை. அதுதான் டெய்லரக்காவைச் சுட்டது. திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், இடம் தாராளமாக இருந்தது. பிள்ளையோ மூலையில் ஒட்டிக்கொண்டு, முழங்கைகளை விலாவில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எப்போதிலிருந்து இப்படி நிற்கிறாள்? இரண்டு வருடத்தில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். பள்ளிச் சீருடையை இரண்டு தடவை பிரித்து நீளம் விட்டது இந்தக் கைதான். துணியைக் கவனித்தவள் பிள்ளையைக் கவனிக்கவில்லை.

ஐந்தாம் மாடி வந்தது. டெய்லரக்கா முடிவு பண்ணிவிட்டாள்.

●

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு நடைவழியில் மண்டியிட்டிருந்தார். தேய்ந்துபோன மஞ்சள் டேப்பின் மேல் புது டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். இம்மி பிசகாமல், அதே இடத்தில்.

"வா வா பம்பரம், கடைசியா ஒரு நூறு!"

"பேட்டை இப்படிக் குடு" என்று மகளிடமிருந்து வாங்கினாள் டெய்லரக்கா. "டேப்ல நில்லு. என்னங்க, உங்க வீடியோல என்ன சொன்னான்? ஒரு முனை வயித்துல, மறு முனை சுவத்துலதானே?"

"ஆமா."

பேட்டை மகளின் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் வைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. "பின்னால போ" என்றாள். பம்பரம் நகர்ந்தாள். குதிகால் செருப்பு அலமாரியில் இடித்தது. அப்போதும் நாலு விரல் இடம் பற்றவில்லை.

அப்பா டேப் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"அப்ப இவளுக்குப் பன்னெண்டு வயசு. பேட்டும் சின்னது. இப்ப ஆளும் வளந்துட்டா, பேட்டும் பெரிசு. டேப் மட்டும் அங்கயே இருக்கு. மைதானத்துல தள்ளி வர்ற பந்தைத் தொட மாட்டேங்குறா. சுவத்துல இடிச்சிடுவோம்னு கை தானா நின்னுடுது."

"நல்லாதானே வந்துச்சு..." அவர் குரல் இறங்கிப்போனது.

"நல்லாதான் வந்துச்சு. யார் இல்லைன்னா? மாடி சாவியைக் குடுங்க."

"அங்க கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான் இருக்கு."

"நடுவுலதான் நிக்கப் போறோம். நீங்களும் வாங்க, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க. சாவி."

பதினாறு வருடத்தில் அவள் கை நீட்டிக் கேட்ட சாவி அது ஒன்றுதான். வளையத்திலிருந்து கழற்ற அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.

●

மாடியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. இன்று தைத்த ஜெர்ஸிகளோடு ஜெர்ஸியாகத் திரும்பி வந்த ஏழாம் நம்பரைப் போட்டுக்கொண்டு நின்றாள் பம்பரம். குழாயைக் கிட்டத்தில் நிறுத்தி பந்தை வைத்தாள் டெய்லரக்கா. 'டக்'. தன் அளவு நாடாவை வைத்து இரண்டு இஞ்ச் தள்ளி நிறுத்தினாள். 'டக்'. இன்னும் இரண்டு இஞ்ச். பேட் காற்றை அடித்தது.

"கையை விடு."

"விட்டுட்டுதாம்மா இருக்கேன்."

"இல்ல. மடிச்சே வெச்சிருக்க. முதல்ல கை உடம்பை ஒட்டியே வரட்டும், அப்பா சொன்னது சரி. பந்தைத் தொட்ட பிறகு ரெண்டு கையும் நீளணும். அந்த நெட்டைப் பொண்ணு அப்படித்தான் அடிச்சா. இங்க சுவர் இல்ல பாரு."

அப்பா பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு. எல்லாம் காற்று. பதினாறில் நுனி பட்டது. பத்தொன்பதில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

அடுத்தது எத்தனையாவது என்று யாருக்கும் தெரியாது. பம்பரத்தின் இரண்டு கையும் பந்தின் பின்னாலேயே போயின. முழுசாக நீண்டன. பந்து தண்ணீர்த் தொட்டியில் மோதித் திரும்பியது. அதே நொடியில் 'டர்ர்' என்று ஒரு சத்தம். இடது தோளின் பின்பக்கம் தையல் விட்டு, உள்ளே வெள்ளையாகத் தோல் தெரிந்தது.

டெய்லரக்காவின் வாழ்நாளில் ஒரு துணி கிழிந்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சந்தோஷம் தீருமுன்பே கண் நிறைந்துவிட்டது. பிள்ளை போகப் போகிறாள்.

"பம்பரம்!" அப்பா துள்ளினார். "அடிச்சியே! இன்னொன்னு அடி! இரு, இரு, முதல்ல அதைத் தைச்சிடலாம். நூல் எடுத்துட்டு வர்றேன்."

"நான் போறேங்க."

"உனக்கு முட்டி வலி. டிராயர்லதானே இருக்கு நூல் டப்பா?"

லிஃப்ட் கதவு மூடியது. அப்புறம்தான் டெய்லரக்காவுக்கு உறைத்தது. நூல் டப்பாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மகளுக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படியில் ஓடினாலும் பம்பரத்தால் லிஃப்ட்டை முந்த முடியாது. ஓடிப் பிடிக்க டெய்லரக்காவுக்கு முட்டி இல்லை, லிஃப்ட்டும் அவரிடம்தான் இருந்தது.

கீழே போன லிஃப்ட் ரொம்ப நேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

அவர் மாடிக் கதவருகே வந்து நின்றார். ஒரு கையில் நூல் டப்பா. மறு கையில், நான்காக மடித்திருந்த படிவம் விரிந்திருந்தது. கீழே போக அந்த ஒரு வாசல்தான்.

"நாலு வருஷமாமே?" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்குக் காலையில நான்தான் இவளைக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. புது டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன் நான். ரெண்டு பேர்ல யார் சொல்லப் போறீங்க?"

"அப்பா..." என்று ஆரம்பித்த மகளைக் கையால் தடுத்தாள் டெய்லரக்கா.

நேராக அவரிடம் போனாள். அவர் கையிலிருந்த டப்பாவைத் திறந்து ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டாள். அவர் கண்ணெதிரே மகளைத் திருப்பி நிறுத்தி, பிரிந்த இடத்தில் உள்மடிப்புத் துணியை அரை இஞ்ச் வெளியே விட்டு, நிதானமாகத் தைத்தாள். நாளைக்கு இந்தக் கை எவ்வளவு நீண்டாலும் துணி இழுத்துப் பிடிக்காது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள். "ஒண்ணு விடாம சொல்றேன். கீழ பேனா இருக்கு, அதை எடுத்துட்டு உக்காந்து சொல்றேன். நீங்க முதல்ல அந்த வாசலை விட்டு நகருங்க."

அவர் படிவத்தை மறுபடி நான்காக மடித்தார்.

நகரவில்லை.